பெரிய காரையே எடுத்துவிட்டேன்

அன்புக் கணவருக்கு,

நீங்கள் கப்பலிலிருந்து சொன்ன சின்ன டீசல் காரை ஓட்டிப் பார்த்தேன். துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளை முந்திக்கொண்டு சீறியது. மைலேஜும் அதிகம்தான்.

பின் இருக்கையில் என் தங்கை டயானா முறிந்த கையில் கட்டோடு, தன் பிள்ளைகள் இருவருக்கும் நடுவே நெருங்கி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தாள். கேட்டால், "இதுவே காணும்க்கா. எங்களுக்காகப் பெருசு எடுக்காத" என்றாள். புருஷன் வீட்டிலும் எல்லாவற்றையும் காணும், போதும் என்றுதான் பொறுத்திருக்கிறாள்.

பெரிய பெட்ரோல் காரையே எடுத்துவிட்டேன். பெட்ரோலைக் குடிக்கும் என்பீர்கள், குடிக்கட்டும்.

அவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி இனி போன் செய்யாதீர்கள். அனுப்ப மாட்டேன். நீங்கள் ஊர் வரும் அன்று நாங்கள் நால்வரும் அழைக்க வருவோம். முன் இருக்கை உங்களுக்கு, ஓட்டுவது நான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி