தண்ணீர் வரிசையில் ஒரு நாடு

இன்று காலை தியாகராய நகர் ஓட்டல் ஒன்றின் கூட்ட அரங்கில் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டினேன். அதன் பஞ்சில் யாருடைய தேங்காய் எண்ணெயோ வாசனை அடித்தது. அது ஈரக் கம்பளத்தின் வாடையோடும் ஏசிக் குளிரோடும் கலந்து வந்தபோது, மேடையில் எந்த நாடு பேசுகிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் உன் குரலுக்காகக் காத்திருந்தேன். வந்தது வேறு குரல். இளம்பெண், நல்ல உச்சரிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. 'மாண்புமிகு' என்ற சொல்லைத் தயக்கமே இல்லாமல் சொல்கிறாள். நீ அதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு விடுவாய். அந்த மூச்சை நம்பித்தான் நான் பல கூட்டங்களைக் கடந்தேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கூட்டங்கள் நிற்கவில்லை. உலகம் தன் இலக்குகளை நோக்கி நகர்கிறதா என்று பார்க்க நாடுகள் இன்னமும் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன. நகர்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கூட வேண்டும் என்பதில் இல்லை.

நாம் முதலில் பேசியது எங்கள் அடையாறு அலுவலகத்தின் மாடிப்படியில். ராயப்பேட்டையில் பிறந்து, பிரெஞ்சு படித்து, கூட்டங்களுக்கும் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கும் மொழிபெயர்க்கப் போய்க்கொண்டிருந்தவள் நீ. நான் அறிக்கை எழுதுகிறவன். "இன்னாபா இது, இத்தினி நாடு ஒண்ணா உக்காந்துகினு இன்னாதான் பண்ணுது?" என்று கேட்டாய். நான் பொறுப்பாக விளக்கினேன். வறுமை, பசி, பள்ளி, தண்ணீர் என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட பதினேழு இலக்குகள். ஒவ்வொரு நாடும் தானாகவே முன்வந்து, இதுவரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று படிக்கும். மற்ற நாடுகள் கேள்வி கேட்கும். யாரும் யாரையும் தண்டிக்க முடியாது. நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "மொய்னு சொல்லு. இந்த வருசம் நீ என்ன நல்லவன்னு எழுது, அடுத்த வருசம் நான் உன்ன எழுதறேன்" என்றாய். நான் அதை மறுக்கவில்லை. அறிக்கையில் சேர்க்கவும் இல்லை.

என் மனதில் வேறொரு படம் இருந்தது. பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்துமூவர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் அலங்காரம் செய்து, பல்லக்கில் தூக்கி வந்து, எல்லோரும் கும்பிட்ட பிறகு பத்திரமாகக் கோயிலுக்குள் கொண்டு போய்விடுவார்கள். மீளாய்வுக் கூட்டமும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நாடுகள் தத்தம் மாலையோடு மெதுவாக மிதந்து வரும், கைதட்டு வாங்கும், திரும்பிப் போகும். அரங்கின் பின்புறம் கண்ணாடிக் கூண்டுக்குள் நீ. உன் உதடுகள் அசைந்த பிறகுதான் குரல் என் காதுக்கு வரும். தண்ணீருக்கு அடியில் இருந்து யாரோ பேசுவது போலிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வுகளில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு தேசத்தின் கழிவுநீர்த் திட்டம் உன் குரலில் தாலாட்டாகும்.

என் வேலை நிறம் பூசுவது. இலக்கு எட்டப்பட்டால் பச்சை, பாதிவழி என்றால் மஞ்சள், கைவிட்டுப் போனால் சிவப்பு. சிவப்பு போட்டால் மேலே யாருக்காவது விளக்கம் எழுதியாக வேண்டும். அதனால் எங்கள் அலுவலகம் ஆரஞ்சைக் கண்டுபிடித்தது. ஆரஞ்சைப் பற்றி யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஒருமுறை நீ என் திரையை எட்டிப் பார்த்து, "இன்னாபா, எல்லாம் கமலாப்பழக் கடையாட்டம் கீது" என்றாய்.

ஒரு வருடம் எங்கள் அறிக்கையைப் படிப்பதற்கு முன்னால் சில நாடுகளின் பிரதிநிதிகள் நேரிலேயே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்துவிட்டு கூட்டத்தில் கேள்வி கேட்பார்கள். எங்கள் பங்குக்கு ஒரு தீவு நாட்டின் பெண் அதிகாரி வந்தார். பெரிய உருவம், காதோரம் எப்போதும் ஒரு பூ, பேசுவது பிரெஞ்சு. அவரை அழைத்துப் போக சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைத் தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தத் தெரு உனக்கு முன்பே தெரியும், செல்வியால்.

செல்வி கோர்ட் வாசலில் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். வழக்குகளுக்கு நடுவே நீ அங்கேதான் நிற்பாய். அவளுடைய மகள் பவித்ரா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தெருவையே காலி செய்து, ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடிக்கு அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பொங்கல் முடிந்ததும் லாரி வரும். மார்ச்சில் பொதுத்தேர்வு. அங்கிருந்து பள்ளிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், முதல் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செல்வி போக மாட்டேன் என்று சொல்லவில்லை. "பரீட்ச முடியட்டும்க்கா. அப்பால எங்க வோணா தூக்கிப் போடட்டும். எங்கூட்ல பன்னண்டாவது தாண்டுனவ எவளும் இல்ல" என்றாள். அவள் கேட்டது அந்தச் சில வாரங்களைத்தான்.

"வெளிநாட்டம்மா வர்றாங்க. உன்னத்தான் கேப்பாங்க. டபாய்க்காம சொல்லு" என்று அவளிடம் சொல்லிவைத்தாய். "மூஞ்சிக்கு நேரா சொல்றேன் பாரு" என்றாள் செல்வி.

அந்தக் காலை இப்போது எனக்குப் பாதிக் கனவு. ஆற்றின் மேல் புகையும் பனியும் சேர்ந்து கிடந்தன. தெருவுக்கு வெள்ளையடித்து, பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகளைச் சிவப்புத் துணி கட்டிப் போட்டிருந்தார்கள். செல்விதான் தீவு அம்மாவுக்குச் சால்வை போர்த்தினாள். அம்மா நன்றி சொல்லிவிட்டு, இங்கே உங்களுக்கு என்னென்ன சிரமம் என்று கேட்டார். நீ தமிழில் சொன்னாய். செல்வி கைகூப்பினாள்.

"ஒரு கொறையும் இல்லமா. நீங்க சாப்ட்டீங்களா?"

தண்ணீர்? "வருதுமா." பள்ளிக்கூடம்? "கிட்டக்கதான் கீது, நல்லா சொல்லித்தர்றாங்க." வீடு? "கவலயே இல்லமா. மோர் குடிக்கிறீங்களா?" மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். நீ ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் ஒப்பித்தாய். எங்கள் ஒருங்கிணைப்பாளர் முகத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் திருப்தி. என் பேனா தானாகவே 'மக்கள் மனநிறைவு' என்று எழுதிக்கொண்டிருந்தது.

நீ செல்வியைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனாய். "இன்னாடி, வாயில கொழுக்கட்டயா?"

"யக்கா, வூட்டுக்கு வந்தவங்கக்கா. கடலத் தாண்டி வந்துகீறாங்க. ஒரு வா மோர் குடிக்கிறதுக்குள்ள ஒப்பாரி வெச்சா நல்லாவா கீது? உங்கூட்டுக்கு வந்தவங்களாண்ட நீ சொல்வியா?"

பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, உலகம் முழுவதும் இப்படித்தான் நாடுகள் ஒன்றின் வீட்டை ஒன்று பார்த்துவிட்டுப் போகின்றனவோ என்று தோன்றியது. பந்தலில் நாற்காலி போட்டு, விருந்தாளியாக உட்கார்ந்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு.

விருந்தாளிகள் போகும்வரை தண்ணீர் லாரி வரவேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்தார். அது லாரிக்காரர் வரை போய்ச் சேரவில்லை. ஹாரன் கேட்டதும் பந்தல் காலியானது. கும்பிட்டுக்கொண்டிருந்த கைகளில் குடங்கள் வந்துவிட்டன. சால்வையோடு தனியாக உட்கார்ந்திருந்தார் தீவு அம்மா. நீ எங்கிருந்தோ ஒரு பச்சைக் குடத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து ஏதோ சொன்னாய். அவர் எழுந்துவிட்டார். "மேடம், மேடம், புரோட்டோகால்!" என்று ஒருங்கிணைப்பாளர் பின்னாலேயே ஓடினார்.

வரிசையில் ஆட்களைவிடக் குடங்கள்தான் அதிகம் நின்றன. குடம் கொண்டுவர நேரமில்லாதவர்கள் செங்கல்லை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். முன்னால் ஒரே ஒரு கல் மட்டும் கிடப்பதைப் பார்த்த தீவு அம்மா, அதைக் காலால் நாசூக்காகத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தார்.

"யம்மோவ்!" செல்விதான் கத்தினாள். "கல்லத் தள்ளிட்டுக் குடத்த வைக்கிற? கண்ணு தெர்ல? சால்வ போட்டுகினா போதுமா, லைன்ல நிக்கத் தெரிய வேணா?"

இதையும் நீ ஒரு சொல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாய். ஒருங்கிணைப்பாளருக்குப் பிரெஞ்சு தெரியாது. முகத்தை வைத்தே புரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தீவு அம்மா தொப்பை குலுங்கச் சிரித்தார். கல்லை எடுத்து அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, செல்விக்குப் பின்னால் போய் நின்றார். "எங்க ஊர்ல தேங்கா மட்டய வைப்போம்னு சொல்றாங்க. அத்தயும் இப்டித்தான் எவளாவது தள்ளிடுவாளாம்" என்று நீ சொன்னதும் செல்வி திரும்பினாள். அவள் முன்னால் நின்றது இப்போது விருந்தாளி இல்லை. தண்ணீருக்கு நிற்கும் இன்னொரு பொம்பளை.

அப்புறம் செல்வி நிறுத்தவே இல்லை. பவித்ரா, கணக்குப் பாடம், பொங்கலுக்குப் பிறகு வரப்போகும் லாரி, அந்த இரண்டு பஸ், மார்ச் எல்லாவற்றையும் கொட்டினாள். நீ இருவருக்கும் நடுவே இடுப்பில் ஒரு குடத்தோடு நின்று மெல்லிய குரலில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். வரிசை நகர நகர நீங்கள் மூன்று பேரும் பனிக்குள் போய்க்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சொற்கள் கேட்கவில்லை, முனகல் மட்டும் கேட்டது. ஹெட்போன் இல்லையே என்று நான் ஏங்கிய ஒரே நாள் அது.

திரும்பும் வழியில், "நாற்காலி போட்டுட்டா எவனும் உண்மய பேச மாட்டான்பா" என்றாய்.

பின்னால் ஒருநாள் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு உன்னைப் பார்க்க வந்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "ஒரு கொறையும் இல்லபா. நீ சாப்ட்டியா?" என்றாய். அவ்வளவு வருடப் பழக்கத்துக்குப் பிறகும் உனக்கு நான் விருந்தாளி ஆகிப்போனது என்னைச் சுட்டது. பழங்களை வைத்துவிட்டுக் கீழே போய் உன் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் தன் மாமியாரின் கால் வலியைப் பற்றி முழுக்கச் சொல்லி முடித்தார். மேலே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நீ கூரையைப் பார்த்தபடி, "பயமா கீதுபா" என்றாய். எனக்கும் என்றேன்.

அந்த வருடக் கூட்டத்துக்கு வருகிறேன். தீவு நாட்டின் முறை வந்தது. அவர் எங்கள் முன்னேற்றத்தைப் பாராட்டினார், அது மொய். பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார். பேசுகிறவராகவே மாறி 'நான்' என்று பேசுவதுதான் மொழிபெயர்ப்பாளர்களான உங்கள் தொழில் வழக்கம். கண்ணாடிக் கூண்டிலிருந்து உன் குரல் என் காதில் சொன்னது: "நான் அந்தத் தெருவில் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. அது முடியும்வரை அந்தத் தெருவை விட்டுவைக்க முடியுமா?"

அரங்கில் யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் தரப்பில் பதில் சொன்னவர், "கருத்து கவனத்தில் கொள்ளப்படும்" என்றார். தீவு அம்மா மறுபடி மைக்கின் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. "எந்த மாதம்?" என்றது உன் குரல், மூச்சுகூட விடாமல்.

ஒரு நாடு கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் போயாக வேண்டும். பதிலில் ஏதாவது ஒரு மாதம் இருந்தாக வேண்டும். பல மேசைகளில் படுத்தெழுந்து அந்தப் பதில் வந்தது: பொதுத்தேர்வுக்குப் பிறகு. உலக நாடுகளின் ஒத்துழைப்பால் பவித்ரா என்ற ஒரு பெண் மார்ச் வரை தன் வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இதை எந்த இலக்கில் சேர்ப்பது என்று அலுவலகத்தில் விவாதம் நடந்தது. கல்வியா, நகரங்களா, தண்ணீரா? கடைசியில் எதிலும் சேர்க்கவில்லை. நிறம் ஆரஞ்சாகவே இருந்தது.

கடைசிப் பரீட்சை அன்று பள்ளி வாசலில் நீ, நான், செல்வி. உச்சி வெயில். பவித்ரா வெளியே வந்து, "கணக்கவிட இது ஈஸிமா" என்றாள். செல்வி அவள் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு உன்னிடம், "முடிச்சிட்டாக்கா. போலாம்" என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. தெருவில் சாமான் ஏற்றும் லாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

ஜெயித்துவிட்டோமா என்று உன்னைக் கேட்டேன். "இல்லபா. தள்ளிப் போட்டோம். அதுவும் ஒரு வேலதான்" என்றாய்.

செல்வி இப்போது ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் இருக்கிறாள். கோர்ட் இல்லாத இடத்தில் கூழ் விலைபோகாது என்கிறாள். பவித்ரா இரண்டு பஸ் மாறி நகரத்துக்குள் கல்லூரிக்கு வருகிறாள். அந்த முதல் பஸ் எப்போது வரும் என்பது அவளுக்கு இப்போது அத்துப்படி.

நான் இன்னும் அறிக்கை எழுதுகிறேன், இன்னும் நிறம் பூசுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு தொந்தரவான பழக்கம். எந்தத் திட்டத்தின் தேதியைப் பார்த்தாலும் முதலில் அந்தத் தெருவில் யார் வீட்டில் பரீட்சை, யார் நிறைமாதம், யாருக்கு ஆபரேஷன் என்று கேட்கிறேன். விடை தெரிந்தவர் அறையில் இருப்பதில்லை. அதனால் நானே போக வேண்டியிருக்கிறது. போனால் நாற்காலி கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசுகிறேன். சென்ற வாரம் அப்படி ஒரு தெருவிலிருந்து திரும்பி வந்து, அங்கே தொடங்கவிருந்த வேலையை மே மாதத்துக்குத் தள்ளச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பெண் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், இது எந்த இலக்குக்குக் கீழ வரும்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். மே என்று மட்டும் முதலில் போடச் சொன்னேன்.