இரண்டாவது குண்டு

ஓல்ட் ஹார்பர், கோடியாக் தீவு, அலாஸ்கா
ஆகஸ்ட் 3, 1986

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

ஃபெதோசியா எழுதுகிறேன். நிக்கொலாய் அத்தானின் அடக்கத்துக்கு அங்கே வந்து திரும்பிய பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வருஷம் ஆற்றில் சால்மன் மீன் நன்றாக ஏறியிருக்கிறது. புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம் தனியே அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கொழுந்தனுக்கு வலது கண் போய்விட்டது. ஜூன் மாதம் ஹாலிபட் மீன் பிடிக்கப் போன இடத்தில் கயிறு அறுந்து, தூண்டில் முள் முகத்தில் அடித்துவிட்டது. உயிர் தப்பியதற்குக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

கரடி வேட்டைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை இவர்தான் இத்தனை வருஷமும் காட்டுக்குள் கூட்டிப்போவார் என்பது உங்களுக்குத் தெரியும். வந்தவர் சுட்டு, கரடி காயத்தோடு புதருக்குள் நுழைந்துவிட்டால், பின்னாலேயே போய் முடிக்க வேண்டியவர் இவர். இப்போது முகாம் முதலாளி ராய்ஸ், "சிமியோன், இந்தத் தடவை நீ சமையலப் பாத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். என்னோடும் பேச்சில்லை.

இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட் துப்பாக்கியின் வலது பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் தோளிலிருந்து இறக்கி, கையைச் சுற்றிக் கொண்டுபோய் இழுக்க வேண்டியிருக்கிறது. "அதுக்குள்ள கரடி வந்து குசலம் விசாரிச்சுட்டுப் போயிடும்" என்றார். அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடவில்லை.

இடது கைக்கு ஏற்ற பெரிய துப்பாக்கி ஒன்று செய்து தருவீர்களா அக்கா? நான் கேட்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார்.

உங்கள் ஓரகத்தி,
ஃபெதோசியா

*

ஹாமில்டன், மொன்டானா
ஆகஸ்ட் 21, 1986

அன்புள்ள ஃபெதோசியா,

மீன் வந்தது. பிரித்த அன்றே பாதி தீர்ந்தது. தம்பியின் கண்ணைப் பற்றிப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மனமில்லை.

ஆனால் நான் பட்டறையைத் திறப்பதில்லை. எங்கள் வீட்டில் இரும்பு என் வேலை, மரம் நிக்கொலாயின் வேலை. குழலையும் போல்ட்டையும் நான் பொருத்துவேன். அதை ஒரு மனுஷனின் தோளில் உட்கார வைத்தது அவர் செதுக்கிய கட்டை. அவர் போன பிறகு வந்த வேலையையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். மிசூலாவில் நல்ல கைக்காரர் ஒருவர் இருக்கிறார். விலாசம் கீழே. தப்பாக நினைக்காதே.

லோர்னா

பி.கு. தம்பி எந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போவார்? தடிமனா, மெல்லிசா? கழுத்து நீளமா, குட்டையா? சும்மாதான் கேட்கிறேன்.

*

ஓல்ட் ஹார்பர்
செப்டம்பர் 14, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

மிசூலாக்காரரின் விலாசத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் சும்மா கேட்டதற்கு நானும் சும்மா பதில் எழுதுகிறேன். புதுக் கோட்டு தைக்கப்போகிறேன் என்று பொய் சொல்லி, அவரை அடுப்பு முன்னால் நிறுத்தி அளந்தேன். முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனிவரை, கன்னத்து எலும்பிலிருந்து தோள்வரை, எல்லாம் தனித்தாளில் இருக்கிறது. "கோட்டுக்குக் கன்னத்த எதுக்கு அளக்குற?" என்று கேட்டார். காது மூடுகிற கோட்டு என்றேன். இப்போது நிஜமாகவே ஒரு கோட்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்து குட்டை. கோபமும் குட்டையாக இருந்தால் நன்றாயிருக்கும்.

உங்கள்,
ஃபெதோசியா

*

ஹாமில்டன்
ஜனவரி 18, 1987

அன்புள்ள ஃபெதோசியா,

துப்பாக்கி முடிந்தது. கோடியாக் டவுனில் உள்ள துப்பாக்கிக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். நீ போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

போல்ட் இடது பக்கம் இருக்கிற பழைய துப்பாக்கி ஒன்றைத் தேடிப் பிடித்துப் புதுக் குழல் போட்டேன். கட்டைக்கு, நிக்கொலாய் காயவைத்திருந்த வால்நட் மரத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அவருடைய உளியை எடுப்பதும் வைப்பதுமாகச் சில நாள் போயிற்று. பிறகு உன் தாளை எதிரில் ஒட்டிவைத்துக்கொண்டு செதுக்க ஆரம்பித்தேன். அவர் கைக்கு வருகிற வளைவு என் கைக்கு வரவில்லை. ஆனால் இரும்பு உட்காருகிற இடத்தில் ஒரு முடி நுழையாது.

இருப்பதிலேயே பெரியதைச் செய்யவில்லை. ராட்சதத் துப்பாக்கி முதல் குண்டை நன்றாகச் சுடும். அது தோளில் உதைக்கிற உதையில் இரண்டாவதற்கு மனசு பின்வாங்கும். தம்பிக்கு வேண்டியது இரண்டாவது குண்டு. அதனால் நானூற்றுப் பதினாறு. ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இத்தனை பங்கு குழலின் துளை. கரடிக்குத் தாராளம்.

ஒரு சிக்கல் உண்டு. இந்தத் தோட்டா கடையில் கிடைக்காது. வேறொரு பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை வாங்கி, கழுத்தை ஒடுக்கி இதற்காகச் செய்திருக்கிறேன். நிரப்பிய தோட்டாவைத் தபாலில் போட விடமாட்டார்கள். வெறுங்கூடு, குண்டு, அதைக் கூட்டில் அமுக்குகிற கைப் பிரஸ், தராசு எல்லாம் பெட்டியில் வருகின்றன. வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கிற கேப்பும் சரக்குப் படகில் வரவழைத்துக்கொள். ஒற்றைக் கண்ணுக்குப் பழகாதவரைத் தராசு முள் ஏமாற்றும். ஆகவே நிரப்ப வேண்டியவள் நீ. நான் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் ஒரு துகள்கூடப் போடாதே. அந்த நேரத்தில் ரேடியோ கூடாது, பேச்சு கூடாது, அடுப்புப் பக்கத்தில் உட்காரவும் கூடாது.

லோர்னா

*

ஓல்ட் ஹார்பர்
மார்ச் 2, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் உங்கள் கொழுந்தன் முதலில் கேட்டது, "யார்கிட்ட போய்ப் பிச்சை எடுத்த?"

"அண்ணிகிட்ட."

"அவங்கதான் பட்டறைய மூடிட்டாங்களே."

"திறந்துட்டாங்க."

அவர் கட்டைமேல் கட்டைவிரலை வைத்து நீளத்துக்கும் தடவினார். "இது அண்ணன் செஞ்ச கட்டை இல்லியே" என்றார். இல்லை என்றேன். எழுந்து படகைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காப்பி குடிக்கும்போது, "தோட்டா எங்க?" என்று கேட்டார். கண் போன பிறகு அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

கோயில் பூசை ரொட்டிக்கு மாவு பிசைகிறபோது நாங்கள் பேசமாட்டோம். அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு நிரப்பினேன். கேப்பை வைத்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டை அமுக்கி, துடைத்து அடுக்கியதும் எனக்கே பெருமையாக இருந்தது. சுட்டுப் பார்க்கச் சரளைக்குழிக்குப் போனோம். முதல் இரண்டும் குறியில் விழுந்தன. மூன்றாவது உள்ளே நுழையத் தயங்கியது. சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தேன். மற்றவற்றைவிடக் குட்டை. குண்டு கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது.

இவர் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டார். "ரெண்டு பொம்பளைங்க சேந்து செஞ்சதாச்சே" என்று முணுமுணுத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு போட மறந்துவிட்டேன், வேண்டுமென்றே. ஏப்ரலில் வேட்டை தொடங்குகிறது அக்கா. என்ன தப்பு செய்தேன்?

ஃபெதோசியா

*

ஹாமில்டன்
மார்ச் 15, 1987

அன்புள்ள ஃபெதோசியா,

நீ தப்பு செய்யவில்லை, நான்தான் ஒன்றை விளக்கமாக எழுதவில்லை. துப்பாக்கி உதைக்கும்போது உள்ளே காத்திருக்கிற தோட்டாவின் மூக்கு தோட்டா அறையின் முன்சுவரில் மோதும். கூட்டின் வாய் குண்டைக் கவ்விப் பிடிக்காவிட்டால் குண்டு உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கியதைச் சுட்டால் அழுத்தம் எகிறித் துப்பாக்கியே வெடிக்கலாம். சுடாமல் எடுத்தாயே, நீ நல்லா இருக்கணும். கூட்டின் வாயை இறுக்குகிற அச்சு இத்துடன் வருகிறது. பழையதையெல்லாம் பிரித்துவிட்டு மறுபடி நிரப்பு. காட்டுக்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு தோட்டாவையும் முன்னதாகத் துப்பாக்கிக்குள் செலுத்தி எடுத்துப் பார்க்கச் சொல். வெளியில் வைத்து, குழல் மலையைப் பார்த்து இருக்கட்டும்.

தம்பியிடம் இதையும் சொல். "ரெண்டு பொம்பளைங்க செஞ்சத ஒரு ஆம்பள ஒழுங்காத் தாங்கிப் பிடிச்சாப் போதுமாம்."

லோர்னா

*

ஓல்ட் ஹார்பர்
மே 9, 1987

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

நீங்கள் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் சரளைக்குழிதான். அச்சு சரியாக வேலை செய்தது. ஒரு தோட்டாவும் சிக்கவில்லை. ராய்ஸ் ஒருநாள் வந்து நின்று பார்த்தார். "சமையலுக்கு வேற ஆளப் பாக்கணும் போலிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் ஒஹாயோவிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்திருந்தார். நல்ல மனுஷன். கரடியைக் கண்டதும் அவசரப்பட்டுச் சுட்டதில் குண்டு அதன் வயிற்றில் பட்டுவிட்டது. அது ஆல்டர் புதருக்குள் போய்விட்டது. வைத்தியரைத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு இவர் தனியாக உள்ளே போனார்.

அது வலது பக்கத்திலிருந்து வந்தது அக்கா. கண்ணில்லாத பக்கம். கிளை முறிகிற சத்தம் கேட்டு உடம்பை முழுக்கத் திருப்பிச் சுட்டிருக்கிறார். குண்டு தோளில் பட்டும் அது நிற்கவில்லை. துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே போல்ட்டை இழுத்துத் தள்ளி மறுபடி சுட்டார். காலடியில் விழுந்ததாம்.

வீட்டுக்கு வந்தவர் கோட்டைக் கழற்றவில்லை. இரண்டு காலிக் கூடுகளை மேஜைமேல் வைத்தார். "மொதக் குண்டுக்கு அது நிக்கலடி. ரெண்டாவது எப்பப் போட்டேன், எப்பச் சுட்டேன், ஒண்ணும் தெரியல. கை தானாச் செஞ்சுது" என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்து, மருந்துக் கறை ஏறிய விரல்களில் முத்தமிட்டார். பிறகு உட்கார்ந்து இரண்டு தட்டு மீன் சூப் குடித்தார். என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

"அண்ணிக்கு எழுது" என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "கட்டை கன்னத்துல சரியா உக்காருதுன்னு எழுது" என்றார். அவருக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான். எனக்கு அதுவும் எழுத வரவில்லை. நீங்கள் இல்லையென்றால் இன்று நான் கறுப்புத் துணி கட்டியிருப்பேன்.

உங்கள் அன்புள்ள,
ஃபெதோசியா

*

ஹாமில்டன்
ஜூன் 1, 1987

என் அன்பு ஃபெதோசியாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் கடைசல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நல்ல அழுகைதான், கவலைப்படாதே.

நேற்று டார்பியிலிருந்து ஒரு பெண் வந்தாள். குள்ளமானவள். எல்க் மான் வேட்டைக்குப் போகிறவள். கடையில் வாங்குகிற துப்பாக்கியெல்லாம் தனக்கு நீளம் என்றாள். அவள் கோட்டைப் போடச் சொல்லி, தோளையும் கன்னத்தையும் அளந்து எழுதிக்கொண்டேன். இந்தக் கட்டையில் வளைவு இன்னும் கொஞ்சம் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறாய். அவர் போன பிறகு ஊரில் எல்லோரும் வந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்தார்கள், எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள், ஓய்வெடு என்றார்கள். அன்பானவர்கள்தான். நானும் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து, விடிந்தால் எதற்கு எழுந்திருப்பது என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தேன். அத்தனை பேரிலும் நீ ஒருத்திதான் எனக்கு ஒரு வேலை கொடுத்தாய்.

உன் அக்கா,
லோர்னா