பாலம் வராத நாள்

ஜூன் 9, திங்கள்

தங்கை வேலை செய்யும் லாண்டரியில் ஆட்களை ஏற்றிப்போகும் வேனை நிறுத்திய பிறகு, அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர்தான் அவளைப் பஸ்ஸில் வேலைக்குக் கூட்டிப் போய்ப் பழக்கினார். இன்று சொல்கிறார்: "இனிமே நான் எதுக்குங்க? அவங்களே போயிடுவாங்க."

"எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுறவ டீச்சர். தனியா எப்படி?" என்றேன். அவளை வைத்துக்கொண்டே.

"பாலம் தாண்டினதும் நீலத் தண்ணித் தொட்டி வரும்க்கா. அப்ப எழுந்து பெல் அடிக்கணும். எனக்குத் தெரியும்."

தெரியும்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லையோ?

ஜூன் 11, புதன்

தனியாகப் போனாள், வந்தாள். ஜன்னல் சீட்டாம். பக்கத்தில் ஒரு அம்மா பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். இவள் வைத்துக்கொண்டாளாம். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன். தலைவலியெல்லாம் ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குத் தங்கை போகும் பஸ்ஸின் கண்டக்டர் இருமலோடு வந்தார். மருந்தை எடுத்துக் கொடுக்கும்போது அவராகவே சொன்னார்: "நாளையிலேர்ந்து பாலத்துல வேலை. வண்டி மார்க்கெட் வழியா சுத்திட்டுப் போகும். தொட்டி ஸ்டாப்புக்கு மார்க்கெட்லயே இறங்கி நடக்கணும்."

வீட்டுக்கு வந்தபோது நாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலருக்கு மட்டும் இரண்டு தரம். சொல்ல வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை? ஒரு தடவை வழி தவறினால் போதும், இந்தத் தனியாகப் போகிற பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன். பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். சீ, என்ன மனசு இது. காலையில் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 16, திங்கள், காலை

சொல்லவில்லை. கையாட்டிவிட்டுப் போனாள்.

மாலை

கடைசி ஸ்டாப்பையும் தாண்டி, பெட்ரோல் பங்க் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. லாரி டிரைவர் ஒருவர் அவள் பைக்குள் என் நம்பர் எழுதி வைத்திருந்த அட்டையைப் பார்த்து எனக்கு போன் செய்தார். நான் போகும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார் அந்த மனிதர். "யார்கிட்டயும் பேசவே மாட்டேங்கறாங்கம்மா. பயந்துட்டாங்க போல."

என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். என்னை! ஐயோ.

ஜூன் 17, செவ்வாய்

"நான் தூங்கலக்கா. பாலத்துக்காகப் பாத்துட்டே இருந்தேன். பாலம் வரவே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து: "நான் முட்டாள்தான்க்கா."

இல்லடி என்றேன். காபி போட எழுந்து போனேன்.

ஜூன் 19, வியாழன்

மூன்றாவது நாளாக வேலைக்குப் போகவில்லை. ஆள் வேண்டும் என்று லாண்டரி சூப்பர்வைசர் போனில் சலித்துக்கொண்டார். திங்களன்று போட்டுப்போன சட்டை கசங்கி நாற்காலியிலேயே கிடக்கிறது.

சாயங்காலம் டீச்சர் வந்தார். பாலம் மூடியிருந்தது அவருக்கு இன்றுதான் தெரிந்ததாம். தங்கையின் எதிரே தரையில் உட்கார்ந்து, "உங்க தப்பு இல்லம்மா. பஸ்ஸு வேற வழியில போயிடுச்சு. நமக்கு யாரும் சொல்லல," என்றார். தங்கையின் முகம் அப்படியே மலர்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றேன். "முந்தின நாளே கண்டக்டர் சொன்னாரு. நான்தான் உன்கிட்ட சொல்லல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கை ரொம்ப நேரம் யோசித்தாள். அவளுக்கு எதையும் புரிந்துகொள்ள நேரம் எடுக்கும். புரிந்துகொண்டாள். எழுந்து போய் நாற்காலியில் கிடந்த சட்டையை மடித்துத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

ஜூன் 23, திங்கள்

மார்க்கெட் வழியை டீச்சரோடு போய்ப் பழகுகிறாள். நானும் வரட்டுமா என்றேன். "வேணாம்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டிவிட்டாலாவது பரவாயில்லை.

ஜூன் 27, வெள்ளி

பேசுகிறாள். உப்பு குறைச்சல், சோப்பு தீர்ந்துபோச்சு - இவ்வளவுதான்.

ஜூலை 8, செவ்வாய்

பாலத்தைத் திறந்துவிட்டார்கள். நேற்றே கடையிலிருந்து ஓடிவந்து சொன்னேன். காலையிலும் சொன்னேன். தலையாட்டினாள். கடைக்குப் போகிற வழிதானே என்று ஸ்டாப் வரை கூடப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஸ் வந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் கண்டக்டரிடம் உரக்கக் கேட்டாள்: "அண்ணே, இன்னைக்கு எந்த வழி?"

"பாலம் வழிம்மா."

சரி என்று உள்ளே போய் உட்கார்ந்தாள்.