படவில்லையா என்றதற்கு ஆமாம்

மார்ச் 9, கோஃபு

தகுதிச் சுற்றிலேயே தோற்றேன். இந்த வருடத்தில் நான்காவது தடவை. முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு, ரயில் நிலையத்தில் சோற்றுருண்டை தின்றேன். அம்மாவோடு போட்ட ஒப்பந்தம் உறுத்துகிறது. அக்டோபர் 30, எனக்கு இருபது வயது. அதற்குள் பிரதானச் சுற்றில் ஒரே ஒரு வெற்றி. இல்லையென்றால் டென்னிஸுக்கு முழுக்கு. எங்கள் தெருப் பல் டாக்டர் கொமியாவிடம் வரவேற்பு மேசை வேலை.

ஏப்ரல் 21

மழை. ஆட்டம் இல்லை. நாள் முழுக்கத் தூங்கினேன். இந்த மாதத்தில் உருப்படியான நாள் இதுதான்.

மே 6, கிஃபு

பிரதானச் சுற்றுக்கு வந்தேவிட்டேன். எதிரில் தொமொயோ, பள்ளி நாளிலிருந்தே தெரிந்தவள். மூன்றாவது செட். அவளுக்கு மேட்ச் பாயின்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயிப்பாள். அவள் அடித்த பந்து என் மட்டையை ஒட்டிப் பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. மட்டையில் பட்டிருந்தால் புள்ளி அவளுக்கு, படாவிட்டால் எனக்கு. நடுவர் வெளிநாட்டு அம்மாள். "மட்டையில் படவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் "யெஸ்" என்றேன். நம் ஜப்பானியப் பேச்சில் அப்படித்தானே - ஆமாம், படவில்லை. அவருக்கோ ஆமாம், பட்டது. ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்.

நான் குனிந்து வணங்கிவிட்டு, கை குலுக்கிவிட்டு வெளியே வந்தேன். தொமொயோவுக்கு விஷயம் புரிந்திருக்கும். மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பயிற்சியாளர் ஹிராகா கொதித்தார். "ஏம்மா சிகூசா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? படலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"அவங்கதான் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்களே, கோச்."

"நீ செத்துட்டேன்னு சொன்னா அதுக்கும் கும்பிட்டுட்டு வருவியா?"

ஜூன் 2

எல்லோரும் பாவம் என்கிறார்கள். மரியாதை தெரிந்த பெண்ணாம். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. நடுவர் அறிவித்ததும் எனக்குள் என்ன வந்தது? அப்பாடா, முடிஞ்சுது. அதான் வந்துச்சு. திருத்திச் சொல்ல நேரம் இருந்துச்சு. நான் சொல்லல. எனக்கு இந்த ஆட்டமே வேண்டாமோ? ஹிராகாவிடம் இதைச் சொல்ல முடியாது. அம்மாவிடமும்.

ஆகஸ்ட் 15

வெயில். தோல்வி. கால் நகம் ஒன்று கழன்றது.

அக்டோபர் 27

கடைசி வாய்ப்பு. பிரதானச் சுற்று, மூன்றாவது செட், டைபிரேக்கில் ஒன்பதுக்கு ஏழு. தோற்றேன். யாரும் எனக்கு அநியாயம் செய்யவில்லை.

எங்கள் ஊர் நுமாசு ஸ்டேஷனுக்கு அம்மா கார் கொண்டுவந்திருந்தாள். ஏறியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பந்தை ஏன் குறுக்கே அடிக்கல, ஏன் அடிக்கல - இதையே சொல்லிச் சொல்லி அழுதேன். அத்தனை கோபம் என்மேல்.

அம்மா வண்டியைக் கிளப்பவில்லை. "எத்தனை தடவை தோத்துட்டு வந்திருக்க. நீ அழுது இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நான்கு நாளில் வேலையில் சேர வேண்டும்.

அக்டோபர் 31

காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "கொமியா வேற பொண்ணை வச்சுட்டாராம். இன்னொரு வேலை அமையற வரைக்கும் ஆடிக்கிட்டு இரு" என்றாள்.

நவம்பர் 6

கடைவாய்ப் பல் வலி. கொமியாவிடம் போனேன். வரவேற்பு மேசையில் யாருமில்லை. டாக்டரே பெயர் எழுதினார்.

"புதுப் பொண்ணு லீவா டாக்டர்?"

"எந்தப் பொண்ணு? உனக்குன்னுதான் வச்சிருந்தேன். போன வாரம் உங்கம்மா வந்து, வேணாம், அவ ஆடட்டும்னு சொல்லிட்டுப் போனாங்க."

வீட்டுக்கு வந்தேன். அம்மா முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். "அந்தப் புதுப் பொண்ணு எப்படி?"

"நல்ல பொண்ணும்மா" என்றேன். "சிரிச்ச முகம்."