ஏழாம் மாதத்து வளையல்

என் கொழுந்தன் மனைவிக்கு ஆறாம் மாதம் முடியப் போகிறது. நெஞ்செரிச்சல் தாங்கவில்லை என்றாள். சீரகத்தை வறுத்துத் தண்ணீர் கொதிக்கவைத்தேன். அன்று நீ எனக்குக் காய்ச்சித் தந்த அதே வாசனை எழும்பியதும் நீ என் அடுப்படிக்குள் வந்து நின்றாய். நீ போய்ப் பத்து வருஷமாகிவிட்டது.

ஆற்றங்கரை வண்ணாரப்பேட்டையில் நமக்கு அடுத்தடுத்த வீடு. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளி வாத்தியார், உன்னவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் உண்டாகியிருந்தோம். உனக்கு அது மூன்றாவது. எனக்கோ முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்ததால், இந்தத் தடவை வயிற்றைப் பற்றி வாய் திறக்கவே பயம். எனக்கும் சேர்த்து நீதான் பேசினாய்.

"இனிமே பாரு, தூக்கத்துல கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். வயித்துத் தோல் அரிக்கும், சொறியாத, எண்ணெய் தடவு. அப்பப்ப வயிறு கல்லு மாதிரி இறுகும், வலியில்லன்னா பயப்படாத. நாம பேசுதது எல்லாம் உள்ள கேக்குமாம்ளா, அதனால புருசன வையணும்னா பைய வையி."

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கும்.

ஒரு நாள் காலையிலிருந்து என் வயிற்றில் அசைவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் ஆற்றுக்குத் துணி எடுத்து வந்தேன். துவைத்த சேலையையே மறுபடி மறுபடி துவைத்ததைப் பார்த்து நீ கேட்டாய்.

"என்னளா, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"அசையல."

ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு என்னை வீட்டுக்கு நடத்தி வந்தாய். கருப்பட்டித் தண்ணீர் குடிக்கவைத்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, என் வயிற்றில் வாயை வைத்து அதட்டினாய்.

"ஏலே, ஒங்க அம்மைய ஏன் இப்படிப் பயமுறுத்துத? எந்திரிலே!"

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. மெல்ல ஒரு புரளல். அப்புறம் சரியாக உன் கன்னத்தில் ஓர் உதை. நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளப் பிள்ளைதான், கை நீட்டுதான்" என்றாய். பிறந்தது பெண். உன்னிடம் சொல்ல முடியாமல் போன முதல் செய்தி அது.

மூன்றாவதென்றாலும் உன் அம்மா விடாமல் ஏழாம் மாதம் உனக்கு வளைகாப்பு வைத்தாள். நான் ஞானஸ்நானம் எடுத்த வேதக்காரி என்று யாராவது ஏதும் சொல்வார்களோ எனத் தயங்கியவளை, நீயே வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாய். வளையல்காரர் உன் வழக்கமான அளவை எடுத்துப் போட்டார். ஏறவில்லை. அடுத்த அளவும் கையிலேயே உடைந்தது. பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மூஞ்சியும் கையும் பூரிச்சு நல்ல அழகாயிட்ட" என்றேன். வெட்கப்பட்டாய். "தலைதான் ரெண்டு நாளா வலிக்கு, வெயில்" என்றாய். மறுநாள் உன்னை ரயிலேற்றி ஆழ்வார்குறிச்சிக்கு, தாய்வீட்டுக்கு, கூட்டிப்போனார்கள். வண்டி நகர்ந்த பிறகும் சன்னலில் உன் கை அசைந்துகொண்டே இருந்தது.

பதினெட்டாம் நாள் உன் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். வலிப்பு வந்ததாம். நீயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

என் பிரசவத்துக்குப் பிறகுதான் மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். தட்டுத்தடுமாறிய தமிழில் அவர் திருப்பிக் கேட்டார்: கை, முகம் வீங்கியிருந்ததா? தலைவலி உண்டா? கண் முன்னால் பூச்சி பறந்ததா? முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மூன்றாவது எனக்குத் தெரியாது. வலிப்பு வருமுன் காட்டும் அடையாளங்களாம் அவை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். எனக்கு என்னென்ன செய்கிறதென்று தினமும் நீ கேட்டாய். உனக்கு என்ன செய்கிறதென்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அதன்பின் கர்ப்பிணி யாரைப் பார்த்தாலும் அந்த மூன்றையும் கேட்டுவிடுகிறேன். சபையில், ஆற்றில், ரயிலில் கூட. சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் கண்ணில் பூச்சி பறக்கிறது என்று அழுதாள். அவள் மாமியார் தடுத்தும் கேட்காமல் அன்றைக்கே வண்டி பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்து குறைமாதத்தில் பெற்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண்ணுக்கு என் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னாள். உன் பெயரைச் சொன்னேன்.

அவளுக்கு இப்போது நாலு வயது, சரியான அடங்காப்பிடாரி. சாயங்காலமானால் அவள் அம்மா உன் பெயரைச் சொல்லித் தெருவே கேட்கக் கூப்பிடுவாள். நான் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு நிற்பேன்.