ஃபாயிஸா ராத்தாவின் சட்டைக் கை

வெள்ளி இரவு

“துணியைப் புத்தளம் கடையில் வாங்கினேன்” என்று இன்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாச்சி தப்பியிருப்பா.

உம்மாவின் தங்கச்சி, என் சாச்சிதான் ஊருக்கே சட்டை தைக்கிறவ. அவவின் வெட்டுத்துணிப் பையிலிருந்து கூடப்பிறந்த நானாவின் பிள்ளைக்கு ஒட்டுப்போர்வை ஒன்று தைத்தேன். இன்று பிள்ளையின் நாற்பதாம் நாள். வந்த பெண்கள் போர்வையை மடியில் விரித்து, அதில் தங்கள் பெருநாள் சட்டைகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். நான் தைத்த ஒன்றை யாரும் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

ஃபாயிஸா ராத்தா பச்சைப் பூத்துணியில் விரலை வைத்தா. அது அவவின் மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய துணி. உள்ளங்கை அகலத்தில் ஆறு துண்டுகள்.

“துணி பத்தல்ல எண்டுதானே எனக்கு முழங்கையோட நிப்பாட்டின?” என்று சாச்சியிடம் கேட்டா.

சாச்சியின் வாயில் வட்டிலாப்பம். கண் என்மேல்.

“நீ எங்க எடுத்த புள்ள?” என்று ராத்தா என் பக்கம் திரும்பினா.

நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை கொட்டாவி விட்டது.

“அது மிஞ்சின துண்டு துணுக்கு ராத்தா,” என்றா சாச்சி.

ராத்தா தன் கையைப் போர்வையில் நீட்டி அளந்தா. “துணுக்கு மணிக்கட்டு வரைக்கும் வருதே.”

அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சி என்னோடு பேசாமல் ஆறு துண்டையும் பிரித்து எடுத்துப் போனா. மஃரிபுக்குள் ராத்தாவின் சட்டைக்குக் கை நீண்டுவிட்டது.

இஷாவுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் தங்கள் சட்டைகளோடு வந்தார்கள். சாச்சி வீட்டுக்கல்ல. எங்கள் வீட்டுக்கு, போர்வையைப் பார்க்க.