துளிர் வரும்வரை

அத்தானுக்கு முப்பிடாதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நானும் பேத்தி செண்பகமும் சுகம்.

பத்து வருடம் முன்பு, செண்பகம் தங்கி மரம் வளர்க்கும் இந்த இடம் புல்கூட முளைக்காத செம்மண் பொட்டலாம். வெள்ளைக்காரர்களும் நம் ஆட்களும் குளித்த தண்ணீரைச் சுமந்து ஊற்றியே காடாக்கிவிட்டார்கள். இப்போது மயில்கூட அகவுகிறது. அந்த வெள்ளைக்காரர்களுக்கே கன்று நடக் குழி வெட்டச் சொல்லித்தருகிறாள் நம் பேத்தி.

இங்கே தங்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு கன்று நட வேண்டும். நான் வேம்பு நட்டேன்.

"நட்டவுகதான் துளிர் வார வரைக்கும் தண்ணி ஊத்தணும் ஆச்சி" என்கிறாள் செண்பகம்.

"ஏட்டி, ஆடித்தபசுத் திருநாளுக்கு ஊருக்குப் போவாண்டாமா?"

"கோமதியம்மன் ஒத்தக் கால்ல தவசு நிக்கலையா? நீங்க ரெண்டு கால்ல நில்லுங்க."

அதனால் நாற்பது வருடத்தில் முதல்முறையாகத் தபசுக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டும். கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண் வாங்கி அனுப்புங்கள், கன்றின் வேரில் இட வேண்டும். முகவரியை நீங்களே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து இருபது நாளாகிறது.

தபால்காரர் கிளம்புகிறார்.

முப்பிடாதி